வடா பாவ் முதல் ‘கீரி’ வரை: மும்பைத் தெருக்களில் ஒரு தமிழரின் ருசி வேட்டை

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் இரண்டு வகை உண்டு. முப்பது ஆண்டு இந்த ஊரில் குப்பை கொட்டியும், சாம்பார், ரசம், மோர் தவிர வேறொன்றும் நாக்கில் படாமல் ரிடையராகி ஊர் திரும்புகிறவர்கள் ஒரு வகை. ரயிலை விட்டு இறங்கிய மறுநாளே தெருமுனையில் நின்று, “அது என்ன, இது என்ன?” என்று கேட்டு வாங்கித் தின்று பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் மாதத்தை ஓட்டுகிறவர்களுக்கு வயிற்றோடு விளையாட நேரம் ஏது?

ஆனாலும், இந்த மாநகரம் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டாம் வகை ஆசாமிகளைத்தான் கேட்க வேண்டும். அப்படி ஒருவர் சயான் பகுதியில் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமைக்காரர். 1981-ம் ஆண்டு, இருபது வயதில், கையில் ஒரு தகரப் பெட்டியும் பொடி டப்பாவுமாகத் தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கியவர். கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நண்பர்கள் வட்டாரத்தில் இவர் பெயர் ‘ருசி அண்ணாச்சி’. சொந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கேயும் அவர் அண்ணாச்சியாகவே இருக்கட்டும்.

“கண்ட இடத்தில் கண்டதைத் தின்னாதே” என்று தாயார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வாக்கு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

ரொட்டிக்குள் போண்டா

முதல் விக்கெட் தாதர் ஸ்டேஷன் வாசலிலேயே விழுந்தது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி, பக்கத்தில் சதுர ரொட்டிகளின் குவியல், சுற்றிலும் பெரிய கூட்டம். மசித்த உருளைக்கிழங்கில் பூண்டும் பச்சை மிளகாயும் கடுகும் சேர்த்து உருட்டி, கடலை மாவில் தோய்த்துப் பொரித்து, ரொட்டியைப் பிளந்து உள்ளே திணித்து, சிவந்த பூண்டுப் பொடி தூவிக் கொடுத்தான் கடைக்காரன். “போண்டாவை யாராவது ரொட்டிக்குள் வைப்பானா?” என்று சிரித்துக்கொண்டே கடித்தவர், அன்றைக்கு மூன்று தின்றார். அந்தப் பூண்டுப் பொடி நம் ஊர் இட்லி மிளகாய்ப் பொடிக்குத் தங்கை முறை என்பது அவர் கட்சி.

இந்த வடா பாவின் கதை சுவையானது. 1966-ம் ஆண்டு வாக்கில் இதே தாதர் ஸ்டேஷன் வெளியே கடை வைத்திருந்த அசோக் வைத்யா என்பவர்தான் முதன்முதலில் வடையையும் பாவையும் ஜோடி சேர்த்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பாவ் என்ற சொல் போர்த்துகீசியர்கள் ரொட்டிக்கு வைத்த பெயர். உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து கப்பலேறி வந்தவை. மராத்தியில் உருளைக்கிழங்கைப் ‘பட்டாட்டா’ என்பதும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்தான். ஆக, மும்பையின் மண்ணின் மைந்தன் என்று கொண்டாடப்படும் தின்பண்டத்தில் பாதிக்கு மேல் வெளியூர்ச் சரக்கு. பிழைக்க வந்த ஊரில் இப்படி வேர் பிடித்துவிட்ட பதார்த்தம் வேறு இல்லை.

ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஓடும் வண்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டே தின்னலாம் என்பதால் மில் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இது தோதாக அமைந்தது. 1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்ப உள்ளே போகவே இல்லை. வேலை போனவர்களில் பலர் ஒரு ஸ்டவ்வையும் சட்டியையும் வைத்து வடா பாவ் கடை போட்டார்கள். பரேல், லால்பாக் வட்டாரங்களில் தறி ஓட்டிய கைகள் மாவு கரைப்பதை அண்ணாச்சி நேரில் பார்த்திருக்கிறார். அந்த மாதங்களில் கடன் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள் என்கிறார். “பசி என்னவென்று அவர்களுக்குத் தெரியும்” என்பது அவர் சொல்லும் காரணம்.

‘கீரி’யால் வந்த வினை

ஆபீசில் கூட வேலை பார்த்த கொங்கணி முஸ்லிம் நண்பர் ஒருவர், ஒரு ரம்ஜான் இரவில் அண்ணாச்சியைப் பேண்டி பஜார் பக்கம், போரி மொஹல்லாவுக்கு அழைத்துப் போனார். விடிய விடிய விளக்கு, அடுப்புப் புகை, கம்பியில் கோத்த கறி. “என்ன வேண்டும்?” என்று கேட்டதற்குக் கடைக்காரப் பெரியவர் சொன்ன முதல் சொல், “கீரி!”

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. பாம்போடு சண்டை போடும் கீரியையா இந்த ஊரில் சுட்டுத் தின்கிறார்கள்? நண்பர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பசு மாட்டில் பால் கறப்பதுபோல் கையால் அபிநயம் பிடித்துக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. கீரி என்றால் மடி. மடிக்கறியைத் துண்டு போட்டு, மசாலாவில் ஊற வைத்து, கரி நெருப்பில் சுடுகிறார்கள். முதலில் ரப்பர் போல் இழுக்கும். மெல்ல மெல்லப் பால் வாசனையும் கொழுப்பும் இறங்கும். “பால்கோவாவில் உப்பும் உறைப்பும் போட்டுச் சுட்டது மாதிரி” என்று அண்ணாச்சி வர்ணிக்கிறார்.

அதே வட்டாரத்தில் ‘பாரா ஹாண்டி’ என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு பானை என்று பொருள். கால், வால், நல்லி எலும்பு என்று தனித்தனிப் பானைகளில் போட்டு, வாயை மூடி, இரவு முழுவதும் சிறு தீயில் வேக விடுவார்கள். விடியற்காலையில் திறந்தால் எலும்பே இளகியிருக்கும். கடைக்காரர் நான்கைந்து பானைகளிலிருந்து ஒவ்வொரு கரண்டி எடுத்துக் கலந்து, புளித்த மாவில் சுட்ட ரொட்டியோடு கொடுப்பார். மூட்டை தூக்குகிறவர்களும் கைவண்டி இழுக்கிறவர்களும் காலையில் இதைச் சாப்பிட்டால் மத்தியானம் வரை பசி எட்டிப் பார்க்காது. நம் ஊர் ஆட்டுக்கால் பாயா தெரிந்தவர்களுக்கு இது தூரத்துச் சொந்தம்தான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ‘படே கா’ என்றால் பெரிய பிராணியின் கறி. பசுவதைத் தடை முன்பே இருந்த மகாராஷ்டிரத்தில் 2015 முதல் காளை, எருதுகளுக்கும் தடை வந்துவிட்டதால் இப்போது அது எருமைதான். ஆட்டுக்கறி மட்டும் போதும் என்கிறவர்கள் உட்காருமுன்பே கேட்டுவிடுவது உத்தமம்.

கீரி தின்ற கதையை அண்ணாச்சி ஒளிக்கவில்லை. மறுநாள் அறையில் பெருமையாகச் சொல்லிவிட்டார். அங்கேதான் வினை பிடித்தது. ஒரே கோலியில் எட்டுத் தமிழர்கள்; ஒரே அடுப்பு; எல்லாரும் ஒரே தாலுகா. முதலில் இவருடைய தட்டு தனியாக வைக்கப்பட்டது. பிறகு தம்ளர். இரண்டு வாரம் கழித்து, மூத்தவர் ஒருவர், “தம்பி, நீ வேறு இடம் பார்த்துக்கொள். ஊரில் தெரிந்தால் எங்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்” என்று சொல்லிவிட்டார். இந்த நகரத்தில் தலை சாய்க்கக் கிடைத்த ஆறடி இடம் ஒரு கம்பிக் கறியால் போயிற்று. புது இடத்துக்கு முன்பணம் கட்ட அண்ணாச்சி கைக்கடிகாரத்தை விற்றார். “சொல்லாமல் இருந்திருக்கலாமே?” என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் இதுதான்: “தின்றது தப்பில்லை என்றால் மறைப்பானேன்? தப்பு என்றால் தின்பானேன்?”

மஞ்சள் காமாலை கற்றுக் கொடுத்த பாடம்

ஆனால் தெருச் சாப்பாடு அவரை ஒருமுறை உண்மையாகவே படுக்க வைத்தது. மழைக்காலத்தில், ஜூலை மாதத்தில், மஞ்சள் காமாலை. கீரியும் பாயாவும் செய்யாத கெடுதலைச் செய்தது தண்ணீர். பானி பூரியின் புளித் தண்ணீரும், வண்டியில் சீவிக் கொடுக்கும் வர்ண ஐஸ் கோலாவும் அந்த வாரம் முழுவதும் தின்றிருந்தார். கழிவு கலந்த தண்ணீர் மூலம்தான் இந்தவகைக் காமாலை பரவுகிறது. மழையில் குழாயும் சாக்கடையும் ஒன்றாகும்போது அபாயம் அதிகம். ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு. ஊருக்குப் பணம் போகவில்லை. தாயாருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் கடிதமும் போகவில்லை.

படுத்திருந்தபோது உப்பில்லாக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர், “வேறு இடம் பார்த்துக்கொள்” என்று சொன்ன அதே மூத்தவர். “இதற்குத்தான் அப்போதே சொன்னேன்” என்று ஒவ்வொரு வேளையும் திட்டிக்கொண்டே ஊற்றினாராம்.

எழுந்த பிறகு அண்ணாச்சி தெருச் சாப்பாட்டை விடவில்லை. தனக்கென்று சில விதிகளை வகுத்துக்கொண்டார். இன்றும் புதிதாக வருகிற பையன்களுக்கு அவற்றைச் சொல்கிறார்:

கண்ணெதிரே கொதிப்பதை, பொரிவதைச் சாப்பிடு. ஆறிக் கிடப்பதைத் தொடாதே.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பானி பூரி, ஐஸ், கரும்புச் சாறு, வெட்டி வைத்த பழம் வேண்டாம்.

கூட்டமுள்ள கடையில் நில். அங்கே சரக்கு தேங்காது.

கடைக்காரன் தட்டு கழுவும் வாளியைப் பார். பிறகு சட்டியைப் பார்.

பச்சைச் சட்னியில் சந்தேகம் இருந்தால் உலர்ந்த பூண்டுப் பொடியோடு நிறுத்திக்கொள்.

பத்திரிகைத் தாளில் மடித்துக் கொடுத்தால் வாழையிலையோ வெள்ளைத் தாளோ கேள். அச்சு மை எண்ணெயில் கரைந்து வயிற்றுக்குப் போகும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டக்கூடாது என்று 2018-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. இந்தப் பத்திரிகைத் தாளுக்கும் அந்த விதி பொருந்தும்.

போம்பிலும் சீம்பாலும்

கடற்கரைச் சீமைத் தமிழர்கள் இந்த ஊரில் உடனே சினேகமாகக்கூடிய பொருள் ஒன்று உண்டு: போம்பில். வெள்ளைக்காரன் இதற்கு வைத்த பெயர் ‘பாம்பே டக்’. வாத்துக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது, இது மீன். பம்பாய் தபால் வண்டியில், அதாவது ‘பாம்பே டாக்’கில், கருவாட்டு மூட்டைகள் போனதால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருக்கிறது, கணக்கு உதைக்கிறது. போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16-ல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் பெயர் அச்சில் வந்துவிட்டது.

வெர்சோவா, உத்தன் பக்கங்களில் கோலி மீனவர்கள் மூங்கில் சட்டங்களில் போம்பிலை இரண்டிரண்டாக வாயில் வாய் கோத்துத் துணி உலர்த்துவதுபோல் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த வாசனைக்குப் பயந்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் பெரிய மனிதர்கள் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது தாய்வீட்டு வாசனை. பச்சைப் போம்பில் கொழகொழவென்று நீர் நிறைந்திருக்கும். கோலிப் பெண்கள் அதைக் கீறிப் பரப்பி, மேலே பாரம் வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, மசாலா தடவி, ரவையில் புரட்டிப் பொரிப்பார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். முள்ளும் மெல்லியது. “மௌஷி, நம்ம ஊரிலும் கருவாடு உண்டு” என்று அண்ணாச்சி தன் உடைந்த மராத்தியில் சொன்ன அன்று, அந்த அம்மாள் கழுவி வைத்திருந்த அடுத்த மீனையும் சட்டியில் போட்டுவிட்டாராம். ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால் மழைக்காலத்தில் கருவாடே கதி.

சைவக்காரர்களுக்கும் ஒரு வியப்பு இருக்கிறது. தாதர் பக்கத்துப் பால் கடைகளில் ‘கர்வஸ்’ என்ற வெள்ளைத் துண்டு ஒன்றைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். மசாலா எதுவும் கிடையாது. ஏலக்காய், ஜாதிக்காய், சர்க்கரை அல்லது வெல்லம். அண்ணாச்சி வாயில் போட்டதும் பேச்சு நின்றுவிட்டது. சீம்பால்! கன்று போட்ட மாட்டின் முதல் பாலை ஆவியில் கட்டியாக வேக வைத்தது. ஊரில் மாடு ஈன்றால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பும் பண்டம், இங்கே காசு கொடுத்து வாங்கக் கிடைக்கிறது. மாடு கன்று எதுவும் இல்லாத சயானில் உட்கார்ந்துகொண்டு சீம்பால் தின்ன முடியும் என்று ஊருக்கு எழுதியபோது யாரும் நம்பவில்லை.

சயான் கோலிவாடாவில் வசித்தே அதன் ருசி தெரியாதவர்களும் உண்டு. ஓட்டல்களில் ‘கோலிவாடா இறால்’ என்று ஒரு பதார்த்தத்தைப் பார்த்திருப்பார்கள். பெயரைப் பார்த்து மீனவர் சமையல் என்று நினைப்பது இயற்கை. 1947 பிரிவினைக்குப் பின் இந்தப் பகுதியில் குடியேறிய பஞ்சாபி அகதிகளின் கைப்பக்குவம் அது என்பார்கள். வீடு வாசலை இழந்து வந்தவர்கள் கடலையே பார்த்தறியாத தங்கள் மசாலாவை இந்த ஊர் இறாலில் தடவினார்கள்.

பூட்டிக் கிடந்த கடை

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரம் பற்றி எரிந்தது. சுமார் 900 பேர் மாண்டார்கள். அதன்பின் பல மாதங்கள், அவரவர் பேட்டையை விட்டு அடுத்த பேட்டைக்குச் சாப்பிடப் போவது என்பதே நின்றுபோயிற்று. போரி மொஹல்லா பக்கம் போகாதே என்று ஆபீசில் எச்சரித்தார்கள். இந்தப் பக்கம் வராதே என்று அங்கேயும் யாரோ யாருக்கோ சொல்லியிருப்பார்கள். அழைத்துப் போன கொங்கணி நண்பர் குடும்பத்தோடு ரத்னகிரி போனவர் வேலைக்குத் திரும்பவில்லை.

அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு விடியற்காலை அண்ணாச்சி தனியாகவே போனார். தெரிந்த முகமாக ஒன்றுகூட இல்லை என்று நினைத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பானைக்குப் பின்னால் இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமான தட்டில் இரண்டு நல்லி எலும்புகளைக் கூடுதலாக வைத்து நகர்த்தினார். காசு கொடுத்தபோது ஒன்றுக்குத்தான் எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி “சாச்சா” என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அவருக்கும் பேச்சு வரவில்லை. ருசியைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் அவர், அன்றைக்குச் சாப்பிட்டது எப்படி இருந்தது என்று மட்டும் இன்றுவரை சொல்வதில்லை.

அந்த வட்டாரத்தின் பழைய கட்டிடங்களில் பல, 2009-ல் தொடங்கிய புனரமைப்புத் திட்டத்தில் இடிக்கப்பட்டுவிட்டன. பழைய ஆட்கள் சிதறிவிட்டார்கள். பானைகள் வேறு சந்துகளில் கொதிக்கின்றன.

இட்லி அண்ணாவும் தெருக்கடைச் சட்டமும்

நம்மவர்களில் சிலர் இதையெல்லாம் கேட்டு, “சீச்சீ, இதுவும் ஒரு சாப்பாடா?” என்பார்கள். அவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். தாராவியில் நள்ளிரவு தாண்டியதும் அடுப்பு மூட்டி, ஆயிரக்கணக்கில் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ரப்பர் ஹாரனை அமுக்கியபடி விடியுமுன் நகரமெங்கும் கிளம்புகிறவர்கள் நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகள். மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் அவர்களை “அண்ணா” என்று கூப்பிட்டு நிறுத்தி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். புளித்த மாவை ஆவியில் வேக வைத்த வெள்ளைப் பண்டமும் ஒரு காலத்தில் அவர்களுக்கு விநோதமாகத்தான் இருந்திருக்கும். முகம் சுளிக்காமல் அவர்கள் வாயில் போட்டுப் பார்த்ததால்தான் இத்தனை தமிழ்க் குடும்பங்களில் உலை கொதிக்கிறது.

ஆகவே தெருக்கடைக்காரன் பிழைப்பு நம் பிழைப்பும்கூட. 2014-ம் ஆண்டு மத்திய அரசு நடைபாதை வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கணக்கெடுப்பு எடுத்து, சான்றிதழ் கொடுத்து, வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இருக்கும் குழு அமைத்து, வார்டு மக்கள் தொகையில் இரண்டரை சதவிகிதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்கிறது அது. கணக்கெடுப்பு முடியும்வரை ஏற்கெனவே இருக்கிறவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. மறுபக்கம், 2017 செப்டம்பர் 29-ல் எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் பாலத்து நெரிசலில் 23 பேர் இறந்த பிறகு, ஸ்டேஷன்களிலிருந்து 150 மீட்டருக்குள் கடை போடக்கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. நடக்கிறவனுக்கு வழி வேண்டும் என்பதும் நியாயம். சட்டி வைத்தவனுக்கு இடம் வேண்டும் என்பதும் நியாயம். இட்லி, வடா பாவ் விற்கும் தமிழ் அன்பர்கள் கணக்கெடுப்பு ரசீது, அபராத ரசீது, ஆதார் நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. வண்டியைத் தூக்கிப் போகும் நாளில் பேசுவது காகிதம்தான்.

புதிதாக வந்திருக்கும் இளைஞர்களுக்கு அண்ணாச்சி ஒரு வரிசை சொல்கிறார். முதல் வாரம் வடா பாவ். இரண்டாம் வாரம் பாவ் பாஜி. மூன்றாவது, கர்வஸ். அதன்பின் பொரித்த போம்பில். இவ்வளவும் ஒத்துக்கொண்டால், ஒரு விடியற்காலை பன்னிரண்டு பானை. பானி பூரி மட்டும் தீபாவளிக்குப் பிறகு. சைவர்கள் மூன்றோடு நின்றாலும் போதும். ஆனால் அடுத்தவன் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. சம்பளம் வந்ததும் முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் எதுவும் என்பதையும் அவர் மறக்காமல் சொல்கிறார்.